மைக் செட்டும் மாண்புமிகு உறுப்பினரும்

அரசாங்கத்துக்குச் சரக்கு சப்ளை செய்ய ஒப்பந்தம் போட்டிருக்கும் வியாபாரி, அந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை சட்டசபை உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவுக்குப் பின்னால் ஒரு ‘ஏ’ சேர்த்து இதைச் செருகியிருக்கிறார்கள். தெளிவான பிரிவு. ஒப்பந்தம் இருந்தால் பதவி இல்லை. பதவி வேண்டுமானால் ஒப்பந்தத்தை விட்டுவிட வேண்டும். விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் கெஞ்சியும் அரசாங்கம் விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அந்தப் பிரிவை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் டில்லியில் உட்கார்ந்து எழுதியவர்கள். தாம்பரத்துக்கு வந்தவர்களாகத் தெரியவில்லை.

நான் அப்போது கோட்டையில், தலைமைச் செயலகத்தில் அசிஸ்டென்ட். மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. காலையில் மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய், மற்றவர்கள் எழுதிய குறிப்புகளுக்குக் கீழே என் குறிப்பை எழுதிவிட்டு, மாலையில் அதே ரயிலில் திரும்புவது என் உத்தியோகம். எங்கள் தெரு ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் முட்டும் இடத்தில் ஒரு மைக் செட் கடை இருந்தது. வாசலில் அலுமினிய ஹார்ன்கள் வாயைப் பிளந்துகொண்டு அடுக்கியிருக்கும். உள்ளே மடக்கு நாற்காலிகள், டியூப் லைட்டுகள், மழைக்காலத்தில் தாங்க முடியாத வாடை வீசும் சாமியானாத் துணி. ஆடி மாதத்தில் அம்மன், டிசம்பரில் ஏசு, நடுவில் அரசியல் கட்சிகள் என்று கடைக்கு வருஷம் முழுக்க வேலை. யார் கூப்பிட்டாலும் அதே மைக், அதே நாற்காலி. கடவுள்களுக்குள்ளும் கட்சிகளுக்குள்ளும் பாரபட்சம் காட்டாத ஒரே மனிதரை நான் அந்தக் கடையில்தான் பார்த்தேன்.

அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் இருபது வருஷமாக எல்லாக் கட்சிக் கூட்டத்திலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் பேச்சாளர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார், எங்கே தண்ணீர் குடிப்பார், எங்கே கைதட்டல் வரும் என்பதெல்லாம் அத்துபடி. தொழிலில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நன்றியுரை முடியும்வரை மைக்கை அணைக்க மாட்டார். மேடையில் அடிதடியே நடந்தாலும் அணைக்க மாட்டார்.

அந்தக் கண்டிப்புதான் அவரை எம்.எல்.ஏ. ஆக்கியது.

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தல். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தொகுதி. எது என்று நான் சொல்லப்போவதில்லை, பென்ஷன் வாங்குகிறவன். ஆளுங்கட்சியில், ஆளுக்கொரு பக்கம் ஆள்பலம் உள்ள இரண்டு உள்ளூர்ப் புள்ளிகள் ஒரே சீட்டுக்கு மோதினார்கள். சமாதானம் பண்ண மாவட்டத் தலைவர் வந்தார். பொதுக்கூட்டம் முடியும் தருவாயில் மேடையிலேயே ஓரமாக இரண்டு பேரையும் இழுத்துவைத்துப் பேசினார். நன்றியுரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆகவே மைக் அணைக்கப்படவில்லை.

“உனக்கும் கிடையாது, இவனுக்கும் கிடையாது. கீழ உக்காந்துகினு இருக்கானே மைக் செட்டு, அவனுக்குக் குடுத்துட்டுப் போறேன். போங்கடா!”

இது ஆறு ஹார்ன்கள் வழியாக பீர்க்கன்கரணை ஏரிவரை போய்ச் சேர்ந்தது. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. விசில் வேறு. மாவட்டத் தலைவர் அனுபவஸ்தர். கைதட்டல் வந்துவிட்ட வாக்கியத்தைத் திரும்பப் பெற முடியாது என்று தெரிந்தவர். மைக்குக்கு முன்னால் வந்து நின்று, “உழைப்பாளி ஒருவனை வேட்பாளராக அறிவிப்பதில் பெருமைப்படுகிறேன்” என்றார்.

எதிர்த்து நின்றவர் குரோம்பேட்டை வக்கீல். படித்தவர், நல்ல சட்டை போடுகிறவர், பேச்சில் மூன்று மொழிகள் கலந்து வரும். அவர் முன்கூட்டியே மைக் செட் புக் செய்திருந்தது நம் ஆளின் கடையில்தான். நம் ஆள் நல்ல ஹார்ன்களையெல்லாம் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, தாம் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு நசுங்கிய குழாயைக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டார்.

“ஏன் இப்படி?” என்று கேட்டேன்.

“அவர் முன்னாடியே சொல்லிவச்சுட்டார் சார். தொழில்னு ஒண்ணு கீதே.”

வக்கீலின் பேச்சு ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு சொல் பிசகாமல் கேட்டது. அவர் தோற்றதற்கு அதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஜெயித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் என் வீட்டுக்கு வந்தார். சபையில் முதல் நாள் எழுந்தவுடன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி “ஹலோ... ஹலோ...” என்றதில் சபை சிரித்ததை அவரே சொல்லிச் சிரித்தார். பேச்சுவாக்கில், “சர்க்கார் ஆபீசுல கொடியேத்துறதுக்கு இந்த வருசமும் நம்ம சேர்தான் சார், நம்ம மைக்குதான். வருசா வருசம் ஜனவரி மாசம் காண்ட்ராக்டு அதுவா புதுசாயிடும்” என்றார்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். ஒன்பதாம் பிரிவையும் அதன் ‘ஏ’யையும் அவருக்குச் சொன்னேன். தேர்தலுக்கு முன்பு இருந்த குறையை வக்கீல் குறித்த காலத்துக்குள் வழக்குப் போட்டுக் கிளப்பவில்லை, அது போயிற்று. ஆனால் உறுப்பினரான பிறகு, வருகிற ஜனவரியில் புதுப்பித்தால், அது புதுக் குறை. யாராவது கவர்னருக்கு மனுப் போட்டால், அவர் தேர்தல் கமிஷன் கருத்தைக் கேட்டு, பதவியைப் பறித்துவிடலாம்.

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“இருபது வருசமா அடுத்தவன் பேசுறதுக்கு மைக் வச்சுகினு இருந்தேன் சார். இப்பதான் எனக்கு முன்னால ஒருத்தன் மைக் வச்சிருக்கான். அதப் புடுங்கிடுவானா?”

“ஒன்றும் ஆகாது. ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். விடுவித்தோம் என்று ஆபீஸ் பதில் எழுதினால் போதும். எழுத்தில் வர வேண்டும். அவ்வளவுதான்” என்றேன்.

அவ்வளவுதான் என்று நான் சொன்னது நடைமுறை தெரிந்தவன் சொன்னது. சட்டசபை உறுப்பினரின் கடிதத்துக்குத் தாமதமின்றிப் பதில் அனுப்ப வேண்டும் என்று எல்லா ஆபீசிலும் நிலையான உத்தரவு உண்டு. கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். சுருக்கமாக, மரியாதையாக, யாரும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியாதபடி.

ஒரு வாரத்தில் அந்த ஆபீசின் ஹெட் கிளார்க், பூமாலையும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“ஐயா எங்க மேல கோபமா இருக்கீங்க. நாங்க எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிக்கணும்.”

“கோபமெல்லாம் இல்லப்பா. காண்ட்ராக்டை ரத்து பண்ணுனு எழுதியிருக்கேன், ரத்து பண்ணு.”

“ஐயா பெரிய மனசு பண்ணணும். போன வருஷம் நாற்காலி ரெண்டு ஒடைஞ்சு வந்ததுக்கு ஆபீஸ்ல விளக்கம் கேட்டாங்களே, அந்த மடையனை மாத்திட்டோம். செங்கல்பட்டுக்கு அனுப்பிட்டோம்.”

“யாரை?”

“விளக்கம் கேட்டவனை.”

எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். ஹெட் கிளார்க் கிளம்பும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க சொல்லுங்க சார் அவர்கிட்ட. அவர் காண்ட்ராக்டை எங்க ஆபீஸ்ல எவனும் தொட முடியாது” என்று உறுதியளித்தார்.

ஜனவரி வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கூடவே, மற்ற ஆண்டு விழாக்களுக்கும் பிரிவுபசாரக் கூட்டங்களுக்கும் இனிமேல் மாண்புமிகு உறுப்பினரின் கடையிலிருந்தே நாற்காலி எடுக்கலாம் என்று யாரோ மரியாதையாகச் சேர்த்துவிட்டார்கள். ரத்து செய்யக் கேட்டவருக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது. ஆளுகிறவர் ஒன்று வேண்டாம் என்றால், அது போதாது என்று அர்த்தம். அரசாங்க ஆபீஸ் அப்படித்தான் படிக்கும். கடிதத்தை நான் இன்னும் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் அவர்கள் படித்திருக்கப்போவது அதைத்தான்.

இரண்டாவது யோசனையும் என்னுடையதுதான். கடையையே மனைவி பெயருக்கு மாற்றிவிடுவது. எம்.எல்.ஏ.வின் மனைவி கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். நாற்காலி திரும்பி வரும்போது எண்ணுவதை அவரைத் தவிர யாரும் செய்யக்கூடாது என்று கடையில் சட்டம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

“அண்ணா, இனிமே கடை முழுக்க என்னுதுதானே?”

“ஆமாம்மா.”

“இவர் வந்து கல்லாவுல உக்காரக் கூடாது?”

“உட்காரக் கூடாது.”

“எம்.எல்.ஏ. ஆனதுல இது ஒண்ணுதான் உருப்படியா நடந்துருக்குது” என்றார்.

ஆனால் கடைதான் மாறியது. ஒப்பந்தம் அவர் பெயரிலேயே நின்றது. பெயரை மாற்றவும் ஆபீஸ் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதற்கும் ஒரு கடிதம் போனது. அதற்கும் ஹெட் கிளார்க் ஆப்பிளோடு வந்தார்.

சரி, ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை அனுப்பாமல் இருப்போம், அனுப்பாததே நாம் விட்டுவிட்டதற்குச் சாட்சி என்று முடிவு செய்தோம். அடுத்த ஆகஸ்ட் பதினைந்துக்கு அம்மாள் நாற்காலி அனுப்பவில்லை, மைக்கும் அனுப்பவில்லை. ஆபீஸ்காரர்கள் பதறிப்போய், கடைசி நேரத்தில் குரோம்பேட்டையிலிருந்து வேறொரு மைக் செட்காரனைப் பிடித்துவந்தார்கள். விழாவுக்குத் தலைமை தாங்கியது நம் எம்.எல்.ஏ.

கொடி ஏறியது. வாழ்த்துரைக்கு அதிகாரி மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தார். ஹார்ன் ஊளையிட்டது. சாதாரண ஊளை இல்லை, வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி வாயை மூடினார், ஊளை நின்றது. திறந்தார், மறுபடியும் ஆரம்பித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த எம்.எல்.ஏ. முதலில் காலை ஆட்டினார். பிறகு கைக்குட்டையைப் பிழிந்தார். வியாதிக்காரனைப் பார்த்தும் மருந்து எழுத அனுமதி இல்லாத டாக்டர் மாதிரி இருந்தார். நான் முன்வரிசையிலிருந்து தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். மூன்றாவது ஊளைக்கு அவர் எழுந்துவிட்டார். கழுத்து மாலையோடு மேடையிலிருந்து இறங்கி, நேராக ஆம்ப்ளிஃபயரிடம் போய்க் குந்தினார்.

“அண்ணே, கைய எடுண்ணே, ஷாக் அடிக்கும்!” என்று குரோம்பேட்டைக்காரன் அலறினான்.

“போடா பேமானி. ஹார்ன மைக்குக்கு எதிர்க்கக் கட்டிவச்சுட்டு மைக் செட்டாம் மைக் செட்டு. திருப்புடா அந்தப் பக்கம்!”

கம்பத்தை அவரே பிடித்துத் திருப்பினார். குமிழை லேசாகத் திருகினார். மைக்கிடம் வந்து இரண்டு தட்டுத் தட்டி, “ஹலோ... ஹலோ...” என்றார். மணி மாதிரி கேட்டது. சுதந்திர தினத்தில் நான் கேட்ட மிகப் பெரிய கைதட்டல் அதுதான்.

ஆபீஸ் ஏற்பாடு செய்திருந்த புகைப்படக்காரர் இதைப் படம் எடுத்தார். படம் பிரமாதமாக வந்தது. கழுத்தில் மாலை, கையில் வயர், முகத்தில் பரவசம். ஆபீஸ்காரர்கள் அதற்குச் சட்டம் போட்டு எம்.எல்.ஏ.வுக்கே பரிசளித்தார்கள். ஸ்டூடியோக்காரர் இன்னொரு பிரதியைப் பெரிதாக்கி, ‘அரசு விழாவில் மாண்புமிகு உறுப்பினர் ஒலிபெருக்கிப் பணியில்’ என்று எழுதிக் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். குரோம்பேட்டை வக்கீல் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க அந்த ஸ்டூடியோவுக்குத்தான் வருவார்.

வக்கீலுக்கு அதுவரை ஒப்பந்தம் இருப்பதே தெரியாது. படத்தைப் பார்த்தார், விசாரித்தார், ஆபீசில் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னார்கள். கவர்னருக்கு மனுப் போனது, படத்தோடு.

மனுப் போட்டதோடு வக்கீல் நிற்கவில்லை. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் கண்டனப் பொதுக்கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டினார். ‘காண்ட்ராக்டர் எம்.எல்.ஏ.வே, பதவி விலகு!’ கூட்டத்தன்று மாலை நான் எம்.எல்.ஏ. வீட்டில் இருந்தேன். மனைவி கடையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஹார்னில் வக்கீலின் குரல் கிளம்பியது. எம்.எல்.ஏ. காதைத் தீட்டினார். திட்டுகிற விஷயத்தில் அவருக்கு அக்கறை இல்லை. வேறு எதையோ கேட்டார்.

“இது நம்ம ஆம்ப்ளிஃபயர் ஆச்சே.”

“ஆமா” என்றார் மனைவி, துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

“என்னைத் திட்டுறதுக்கு நம்ம மைக்கா குடுத்த?”

“கடை என்னுது. கேட்டாங்க, அனுப்பிச்சேன். நீ அந்தாளுக்கு எலக்சனுக்கே குடுத்தியே, அப்ப நான் கேட்டனா?”

எம்.எல்.ஏ. போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார். வக்கீல் ஒன்பதாம் பிரிவை விளக்க ஆரம்பித்தார். மிகச் சரியாக விளக்கினார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே.

“பேஸ் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கீது” என்றார் எம்.எல்.ஏ. கடைசியில். “யாரை அனுப்பிச்ச? போயி கொறைக்கச் சொல்லு. பின்னால நிக்கிறவனுக்குப் புரியாது.”

கவர்னர் மாளிகையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. விளக்கம் தயாராக இருந்தது, சாட்சிதான் இல்லை. ஒப்பந்தத்தை விட்டுவிட்டேன் என்று அவர் எழுதியதற்கெல்லாம் நகல் இருந்தது. ஏற்றுக்கொண்டோம் என்று ஆபீஸ் எழுதியது ஒன்றுகூட இல்லை. நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரிலேயே போனேன். ஹெட் கிளார்க் எனக்கு டீ வரவழைத்தார்.

“சார், நீங்களும் கோட்டையில இருக்கிறவர். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. காண்ட்ராக்டை ரத்து செஞ்சேன்னு எவன் சார் கையெழுத்துப் போடுவான்?”

“அவரே கேட்கிறாரே ஐயா!”

“இன்னிக்குக் கேப்பார். நாளைக்கு மந்திரி ஆயிட்டு, என் காண்ட்ராக்டை ரத்து செஞ்சவன் யார்னு கேப்பார். அப்ப அவர் லெட்டரா என்னைக் காப்பாத்தும்?”

“பதவியே போய்விடும் என்கிறேன்.”

“போகட்டும் சார், அப்ப ரத்து செஞ்சுடுவோம்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு எம்.எல்.ஏ.வுக்குச் சபையில் உட்காருவதே முள்மேல் உட்காருவதாகிவிட்டது. கேள்வி நேரத்தில் எழுவார், மைக்கைப் பார்ப்பார், யாராவது காண்ட்ராக்ட் என்று கூச்சல் போடுவார்களோ என்று உட்கார்ந்துவிடுவார். தாம்பரத்தில் சாயங்காலமானால் மின்சாரம் மங்கி டியூப் லைட் துடிக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஒரு முழுப் பேச்சு தயாராக வைத்திருந்தார். தொழில்ரீதியாக அவருக்கு அதில் தெரியாத விஷயம் கிடையாது. ரயிலில் எனக்கு அதைப் பேசிக்காட்டுவார். மீனம்பாக்கத்தில் ஆரம்பித்தால் சைதாப்பேட்டையில் கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்துவார். எதிர் சீட்டுக்காரர்கள் சில சமயம் தட்டினார்கள். “அந்த பதில் மட்டும் வரட்டும் சார், மறுநாளே சபையில பேசிடறேன்” என்பார். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கு முன்பும் ஒரு நினைவூட்டல் அனுப்பினோம். ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் ஆப்பிள் வந்தது. அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆப்பிளே பிடிக்காமல் போய்விட்டது.

எழுபத்தாறு ஜனவரியில், இனி அவகாசம் கிடையாது, கடைசி விளக்கத்தைக் கொடு என்று ஓலை வந்தது. அவர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். கடைசியாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இந்த முறை என் மொழி வேண்டாம், தாமே சொல்கிறேன் என்றார். சொன்னதை அப்படியே எழுதினேன்: ‘ஐயா, எனக்கு உங்க காண்ட்ராக்ட் வேணாம். என்னை வுட்டுடுங்க. சபையில ஒரு தபா பேசணும்.’ நடைமுறைப்படி அதில் நூறு குறை இருந்தது. நான் எழுதிய எல்லாக் கடிதங்களையும்விட அதுதான் நல்ல கடிதம்.

அந்த மாதம் முடிகிற சனிக்கிழமை, மந்திரிசபை போய்விட்டது, சட்டசபை கலைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். நெருக்கடி நிலையில் நாடு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம். தெருவில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. கலைந்த சபையில் தகுதியிழப்புக் கேள்விக்கு இடமில்லை. வக்கீலின் மனுவும் பறிக்க ஒன்றுமில்லாமல் நின்றுபோனது. நம் ஆளின் பதவியை யாரும் பறிக்கவில்லை, பதவிக்கு அடியிலிருந்த சபைதான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடையில் பார்த்தேன். கல்லாவில் மனைவி இருந்தார். நம் ஆள் தரையில் குந்தி, ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அந்த டியூப் லைட் பேச்சு அப்படியே நிக்குது சார்” என்றார், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு பியூன் சைக்கிளில் வந்து கடை வாசலில் இறங்கினார். ஆப்பிள் இல்லை, மாலை இல்லை. ‘மாண்புமிகு’வும் இல்லை, உறையின்மேல் வெறும் பெயரும் ‘சவுண்ட் சர்வீஸ், தாம்பரம்’ என்பதும் மட்டும். தங்கள் வேண்டுகோள் பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, நாற்காலி, ஒலிபெருக்கி ஒப்பந்தம் உடனடியாக ரத்து செய்யப்படுகிறது என்று எழுதியிருந்தது. அவர் கொடுத்த முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கடிதம்வரை எல்லாவற்றையும் ‘பார்வை’ என்ற தலைப்பில் வரிசையாகக் காட்டியிருந்தார்கள், ஒன்றுகூட விடுபடவில்லை. ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு முன்பே வந்து டைப் அடித்திருக்க வேண்டும். கையெழுத்தின் மை விரலில் ஒட்டியது. தேதி சரியாகப் போட்டிருந்தது: 2-2-1976.